தானாக ஓடும் மென்பொருள்

எங்கள் கம்பெனிக்கு ஒரு சொத்து இருக்கிறது என்பது எனக்கு ஐம்பத்துநான்காவது வயதில்தான் தெரியவந்தது. அதுவரை எங்களிடம் இருப்பதாக நான் நினைத்திருந்தவை: மூன்று வேன், ஒன்பது மெக்கானிக், கிரீஸ் வாசனை போகாத ஒரு மாடி அலுவலகம், நாங்கள் பராமரிக்கும் நானூற்றுப் பன்னிரண்டு லிஃப்டுகள், அவற்றில் எப்போதும் எங்காவது நின்றுபோயிருக்கும் ஒன்று.

கூடப் படித்தவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. பரீட்சைகளில் என் விடைத்தாளைப் பார்த்தே தேறிய ஒருவன், தன் மென்பொருளை விற்றுவிட்டு ‘எக்ஸிட்’ ஆகிவிட்டதாக ஒரு மலை உச்சியில் நின்று படம் போட்டான். எங்கள் தொழிலில் எக்ஸிட் என்றால், இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவரை அக்குளில் கைகொடுத்து வெளியே இழுப்பது. எண்பத்து மூன்று பேர் அவனுக்குக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிவிட்டு யோசித்தேன்: நம்மிடமும்தான் ஒரு மென்பொருள் இருக்கிறதே.

இருந்தது. பதினாறு வருடத்துக்கு முன்பு, இப்போது வெளிநாட்டில் குடியேறிவிட்ட ஒரு நண்பன் எழுதிக்கொடுத்தது. அன்றன்றைக்கு எந்தெந்த லிஃப்டை முதலில் போய்ப் பார்க்க வேண்டும் என்று காலையில் ஒரு பட்டியல் கொடுக்கும். மெக்கானிக்குகள் ஏழு மணிக்கு அதைப் போனில் பார்த்துவிட்டுக் கிளம்புவார்கள். பட்டியலின் தலையில் இருக்கும் லிஃப்ட் பெரும்பாலும், இன்றோ நாளையோ நின்றுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் லிஃப்டாகவே இருக்கும். கதவு உருளை தேய்ந்திருக்கும். பிரேக் கட்டை வழுவழுவென்று ஆகியிருக்கும். நிற்பதற்கு முன்பே சரிசெய்துவிட்டு வந்துவிடுவோம். எங்களுக்கு இருந்த நல்ல பெயரெல்லாம் இதனால் வந்தது.

அந்தப் பட்டியல் எப்படி உருவாகிறது என்பது எனக்குத் தெரியும். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்த விவகாரத்தில் நான் ஏமாந்தவன் என்று யாராவது இரக்கப்பட்டுவிடக் கூடும்.

மென்பொருள் தானாகச் செய்வது ஒரே ஒரு வேலை. எந்த லிஃப்டைப் பார்த்து நாளாகிவிட்டதோ அதை மேலே வைக்கும். ஒரு சுவர்க் காலண்டரும் ஒரு பென்சிலும் இருந்தால் இதை யாரும் செய்துவிடலாம். ஆனால் பட்டியலின் ஓரத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ஒன்று முதல் ஒன்பதுக்குள் ஓர் எண்ணைப் போட்டால், அந்த லிஃப்ட் மற்றவற்றை முழங்கையால் இடித்துக்கொண்டு மேலே வந்துவிடும். அந்த எண்ணைப் போடுவது என் அக்கா.

அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள். கம்பெனி தொடங்கிய இரண்டாவது வாரம், போன் எடுக்க ஓர் ஆள் கிடைக்கும்வரை இரண்டு நாள் உட்கார்கிறேன் என்று வந்து உட்கார்ந்தாள். அந்த ஆள் இன்னும் கிடைக்கவில்லை.

“வாட்ச்மேன்தானே? கால் வலி எப்படி இருக்கு? சரி, போனை லிஃப்ட் கதவுகிட்ட வைப்பா. இன்னும் கிட்ட. இப்போ மூடச் சொல்லு.” கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். “நாலாவது மாடில யாரோ வீடு மாத்துறாங்களா?”

“ஆமாம்மா, உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பின்ன என்ன, கட்டிலைக் குறுக்கே வெச்சுக் கதவுக்கு முட்டுக் கொடுத்தா அது இப்படித்தான் அழும். அவங்ககிட்ட சொல்லு, அது லிஃப்ட், லாரி இல்ல.”

அந்தக் கட்டிடத்துக்கு எட்டு. ஐந்தாவது மாடியில் சக்கர நாற்காலிக்காரர் இருக்கும் கட்டிடம் லேசாக முனகினாலே ஒன்பது. லிஃப்டுக்கு ஒன்றுமே ஆகாமல், தனியாக இருப்பவர்கள் பேச்சுத்துணைக்காகப் புகார் சொல்லும் இடங்களும் உண்டு. அவற்றுக்கு ஒன்று, ஆனால் போனில் பத்து நிமிடம். முந்தின நாள் காதில் விழுந்ததையெல்லாம் இரவு முழுக்க ஊறவைத்து, காலை ஐந்து நாற்பதுக்கு எழுந்து, பல்கூடத் தேய்க்காமல், வீட்டிலிருந்தே போனில் எண்களைப் போட்டு முடித்துவிட்டுத்தான் டீ வைப்பாள்.

இப்படியொரு சொத்தை விற்பதற்கு ஆலோசகர் வேண்டும் என்றார்கள். இரண்டு பேரைப் பார்த்தேன்.

முதலாவது ஒரு அம்மாள். செருப்புக் கடைக்கு மேலே சின்ன அறை. மேசையில் ஒரு பேனா, ஒரு தாள், அவ்வளவுதான். நான் பேசிய இருபது நிமிடமும் ஒரு வார்த்தை எழுதவில்லை. கடைசியில் கேட்டார்:

“இந்த லிஸ்ட யாரு போடுறாங்க?”

“சாஃப்ட்வேர்தான்.”

“சாஃப்ட்வேருக்குப் பின்னாடி?”

“எங்க அக்கா சும்மா கொஞ்சம் ஒத்தாசையா...”

“அப்போ அக்கா பேரு பேப்பர்ல வரணும். அவங்க என்ன பண்றாங்க, இன்னும் எத்தனை வருஷம் இருப்பாங்கன்னு எழுதணும். விலை குறையும். ஆனா பின்னாடி தலைவலி வராது. சம்மதமா?”

யோசித்துச் சொல்வதாகக் கிளம்பினேன். படியிறங்கும்போதே எனக்குக் கோபம். என்ன பெண்பிள்ளை இவர், வந்த மனிதனுக்கு ஒரு மரியாதை, ஓர் ஊக்கம் வேண்டாமா? கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டார் என்பதுதான் கோபத்துக்குக் காரணம் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பொய்.

இரண்டாமவர் ஒரு பெரிய ஹோட்டலின் முன்கூடத்தில் சந்திக்கச் சொன்னார். வெயிலில் கோட்டு போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, இரண்டு கையாலும் என் கையைப் பற்றி, “வாங்க ஃபவுண்டர்!” என்றார். பதினாறு வருடமாக என்னை ‘லிஃப்டுக்காரர்’ என்றே உலகம் கூப்பிட்டு வந்தது. உருகிவிட்டேன். இவர் எதையும் கேட்கவில்லை. கேட்காதது மட்டுமில்லை, நான் சொல்ல வாயெடுத்ததையும் கையமர்த்தினார்.

“சார், நீங்க லிஃப்ட் ரிப்பேர் பண்றவர்னு இனிமே யார்கிட்டயும் சொல்லாதீங்க. நீங்க செங்குத்துப் போக்குவரத்தை முன்கூட்டியே கணிக்கிறவர்.”

அன்றைக்கே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். விற்ற தொகையில் அவருக்கு ஒரு பங்கு. கம்பெனி என்னிடமே இருக்கும், மென்பொருள் மட்டும் கைமாறும்; வாங்குபவர்களே இனி பட்டியலை அனுப்புவார்கள், நாங்கள் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு போனால் போதும். அக்காவின் நாற்காலி என்னவாகும் என்பது அந்த ஒப்பந்தத்தின் எந்தப் பத்தியிலும் இல்லை. என் வாயிலும் இல்லை.

அலுவலகத்துக்கு வந்தால் எப்போதும் சுவரில் ஸ்லைடு போட்டு விளக்குவார் என்பதால் மெக்கானிக்குகள் அவருக்குப் படக்காரர் என்று பெயர் வைத்தார்கள். படக்காரர் நாற்பத்தாறு பக்கத்தில் ஓர் அறிக்கை தயாரித்தார். அதில் ‘தன்னைத்தானே கற்றுக்கொள்ளும் இன்ஜின்’ என்று பன்னிரண்டு இடத்தில் வந்தது. அக்கா ஒரு இடத்திலும் வரவில்லை. நான் இரண்டு முறை படித்துப் பார்த்தேன். இரண்டாம் முறை படித்தபோது எனக்கே அந்த இன்ஜின் மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது.

அக்கா ஒருநாள் அதன் அட்டையைப் பார்த்தாள். நீல நிறத்தில் ஒரு மூளை, அதிலிருந்து நாலாபக்கமும் ஒயர்.

“இது யாரோட மூளைடா? பாவம், இப்படித் தனியா எடுத்து வெச்சிருக்காங்க.”

“அது சும்மா ஒரு டிசைன்க்கா.”

“பார்த்து. லிஃப்ட் கம்பெனின்னு வந்தவன் ஆஸ்பத்திரின்னு நெனச்சு ஓடிடப் போறான்.”

மென்பொருளை விற்கப் போகிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். “நல்ல வெலைக்குப் போகட்டும், உனக்கும் முட்டி தேஞ்சு போச்சு” என்றாள். அவளுடைய முட்டியைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

பல ஊர்களில் லிஃப்ட் பராமரிக்கும் ஒரு பெரிய கம்பெனி ஆர்வம் காட்டியது. ஆனால் ஒரு நிபந்தனை. பதினான்கு நாள் சோதனை ஓட்டம். எங்கள் ஆட்கள் யாரும் பட்டியலைத் தொடக்கூடாது. அவர்களுடைய இன்ஜினியர் ஒருவர், தடிமனான கண்ணாடி போட்ட இளைஞர், எங்கள் அலுவலகத்திலேயே உட்கார்ந்து பார்ப்பார். பட்டியலில் மேலே வந்த லிஃப்டுகளில் உண்மையிலேயே எத்தனை பழுது என்று எண்ணுவார்.

படக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, அப்போதுதான் முதல்முறையாக, அந்தக் ‘குறிப்பு’ கட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் ஒரு நொடி கோட்டில்லாத முகமாகிவிட்டது. பிறகு மறுபடியும் கோட்டை மாட்டிக்கொண்டது.

“அக்கா போடுற நம்பர் எவ்வளவு பர்சன்ட் கரெக்ட்டா இருக்கும்?”

“பத்துக்கு எட்டு.”

“போடலைன்னா?”

“பத்துக்கு ரெண்டு.”

“பத்துக்கு நாலு வந்தாகூட நான் பேசிச் சமாளிச்சுடுவேன். அவங்க மட்டும் அங்க உட்கார்ந்திருக்கக்கூடாது. இன்ஜினியர் ஒரு தடவை அவங்க போன் பேசுறதக் கேட்டாருன்னா முடிஞ்சுது கதை. லீவு கொடுங்க சார். வெளியூருக்கு அனுப்புங்க.”

அக்காவின் மகள் வேறு ஊரில் இருந்தாள். வீடு மாறி இரண்டு வருடமாகிறது, அக்கா இன்னும் போய்ப் பார்க்கவில்லை; லிஃப்டுகள் விடவில்லை. போகவர டிக்கெட் எடுத்து ஒரு கவரில் போட்டு அவள் மேசையில் வைத்தேன்.

“என்னடா இது?”

“பதினாறு வருஷமா ஒரு நாள் லீவு எடுத்திருக்கியா? போய் நிம்மதியா ரெண்டு வாரம் இருந்துட்டு வா. உனக்கு ஒரு ஓய்வு வேண்டாமா?”

அக்கா கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மெக்கானிக்குகளிடம் காட்டினாள். மாமாவுக்குப் போன் போட்டாள். “என் தம்பி டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கான்ங்க... ஆமா, அவனேதான்... காய்ச்சல்லாம் ஒண்ணும் இல்ல, தொட்டுப் பார்த்துட்டேன்.” போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் ஏதோ வேலை இருப்பதுபோலக் கழிவறைக்குப் போய் நின்றேன். அங்கே செய்வதற்கு எனக்கு ஒரு வேலையும் இல்லை.

கண்ணாடிக்காரர் வந்து முதல் காரியமாக ஊழியர்களின் கணக்குகளையெல்லாம் பூட்டினார். மெக்கானிக்குகள் பட்டியலைப் பார்க்கலாம், மாற்ற முடியாது. திறந்து வைத்தது என்னுடையதை மட்டும். கண்காணிக்க நிர்வாகி ஒருவர் வேண்டும் என்பது விதி. நான் எதையும் தொடமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கையெழுத்து நன்றாகவே வந்தது.

முதல் நாள் பட்டியலில் மேலே இருந்த பத்து லிஃப்டில் எட்டு பழுதின் விளிம்பில் இருந்தன. அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் ஏழு. மூன்றாம் நாள் ஒன்பது. படக்காரர் என் முதுகில் தட்டினார். “பார்த்தீங்களா ஃபவுண்டர்? நம்ம பொருள்மேல நமக்கே நம்பிக்கை இல்லாம இருந்திருக்கு!” நான்காம் நாள் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இத்தனை வருடம் அக்கா போட்ட எண்களைப் பார்த்துப் பார்த்து மென்பொருள் நிஜமாகவே கற்றுக்கொண்டுவிட்டதோ? நாற்பத்தாறு பக்கமும் பொய்யில்லையோ? பொய்யைக் காசு கொடுத்து எழுதவைத்தவன், அதைக் காசு கொடுக்காமல் நம்பிய அதிசயம் அந்த நான்காம் நாள் நடந்தது.

பத்தாம் நாள் கண்ணாடிக்காரர் தன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்.

“சார், தினமும் காலைல அஞ்சு நாப்பதுக்கு ஒரு ஜாப் ஓடுது. பன்னெண்டு நிமிஷம் ஓடுது. நாப்பது அம்பது வரியை மாத்துது. நிர்வாகி பேர்ல ஓடுது. இது என்ன சார்?”

ஐந்து நாற்பது.

என் அலுவலகத்தில் எல்லோருக்கும் தனித்தனிக் கணக்கு ஏழு வருடத்துக்கு முன்புதான் போட்டோம். அதுவரை என் பெயரில் ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல். கம்பெனியின் போன் நம்பரேதான். அக்காவுக்கும் புதுக் கணக்கு திறந்து கொடுத்தபோது, “பழசு நல்லாத்தானே இருக்கு, எனக்கு எதுக்குடா புதுசு” என்றாள். அவளுடைய கணக்கை ஏழு வருடமாக யாரும் திறக்கவேயில்லை. கண்ணாடிக்காரர் கவனமாகப் பூட்டியது அந்த ஆளில்லாத வீட்டை. அக்கா எப்போதும்போல என் வீட்டு வாசல் வழியாகவே வந்து போய்க்கொண்டிருந்தாள். ஊருக்குப் போயும் விடவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் படக்காரர் முந்திக்கொண்டார்.

“அதுதான் சார் எங்க இன்ஜின்! முந்தின நாள் தகவலையெல்லாம் உள்வாங்கி, விடியறதுக்குள்ள தன்னைத்தானே சரிபண்ணிக்கும்.”

கண்ணாடிக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். ஒரு தலையாட்டல். அதற்குப் பிறகு எனக்கு நாலு நாள் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். உண்மையில் நன்றாகவே இறங்கியது. தூக்கம்தான் ஐந்து நாற்பதுக்குக் கலைந்துவிடும். இருட்டில் படுத்துக்கொண்டு, வேறொரு ஊரில் என் பெயரில் ஒருத்தி வேலை செய்துகொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருப்பேன். பன்னிரண்டு நிமிடம் கழித்து, முடித்திருப்பாள் என்று தோன்றும்போது, திரும்பிப் படுப்பேன்.

சோதனை வெற்றி. வெள்ளிக்கிழமை கையெழுத்து என்று நாள் குறித்தார்கள். புதன்கிழமை அக்கா ஊரிலிருந்து திரும்பினாள். அன்று மாலை அவள் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்தது மாமா. தபால் அலுவலகத்தில் முப்பது வருடம் கடிதங்களைப் பிரித்து அடுக்கியவர். மனிதர்களையும் பார்த்த உடனே எந்தக் குழியில் போட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

“வாங்க மாப்ளே. முகம் ஏன் முத்திரை குத்தாத கவர் மாதிரி இருக்கு?”

அக்கா சமையலறையிலிருந்து ஒரு பையோடு வந்தாள். “நல்லவேளை நீயே வந்தே. இந்தா, போட்டுப் பாரு.” சட்டை. வெளிர் சாம்பல் நிறம், என் அளவு. “அங்க ஒரு கடைல பார்த்தேன். என் தம்பி எனக்கு லீவு கொடுத்திருக்கான், அவனுக்கு ஒண்ணு வாங்கணும்னேன். பொண்ணு சிரிக்கிறா. எங்கம்மா லீவுல வந்து லிஃப்டையே கட்டிக்கிட்டு அழறாங்கன்னு கிண்டல் வேற.”

“அங்க போயும் லிஸ்ட் போட்டியாக்கா?”

“பின்ன? அவ வீட்ல சிக்னல் கிடையாது. மொட்டை மாடிக்குப் போனாத்தான் கிடைக்கும். எனக்கு என்ன, காலங்காத்தால காத்தாட இருந்தது.”

“எத்தனை மாடி?” என்று மாமா கேட்டார், என்னைப் பார்த்துக்கொண்டே.

“நாலு. அங்க லிஃப்ட் இல்லைங்க. அது ஒண்ணுதான் குறை.”

அவளுடைய முட்டி. நான்கு மாடி. பதினான்கு நாள்.

“வாட்ச்மேனுங்கல்லாம் போன் பண்ணாங்களா?”

“ஆபீஸ் போனை என் செல்லுக்கு மாத்திவிட்டுட்டுத்தானே போனேன். இல்லைன்னா உன் ஆளுங்க எடுத்து ‘ஹலோ’ன்னு சொல்றதுக்குள்ள லிஃப்ட் நின்னுடும்.”

சட்டையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன். எல்லாவற்றையும். லீவு எதற்கு என்பதை. நாற்பத்தாறு பக்கத்தில் அவள் இல்லை என்பதை. நான் தலையாட்டியதை. சொல்லும்போதே கொஞ்சம் மெருகேற்றிக்கொண்டுதான் சொன்னேன். படக்காரர் வற்புறுத்தினார், நான் வேறு வழியில்லாமல் என்று. மாமா என் பேச்சின் நடுவில் எழுந்து போய் டிவியை அணைத்தார். அது ஏற்கெனவே சத்தமில்லாமல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை. நுனியைக் கிள்ளி, நாரை உரித்து, நறுக்கி. ஒரு கைப்பிடி முடிந்த பிறகு கேட்டாள்.

“அப்போ அந்த டிக்கெட் எனக்காக இல்ல.”

“அக்கா...”

“இல்ல, சரியாப் புரிஞ்சுக்கணும்ல. என்னை அங்கேர்ந்து கெளப்பணும். அதுக்கு.”

“ஆமா.”

“ரயில்ல எதிர்ல உட்கார்ந்திருந்த அம்மாகிட்டகூடச் சொன்னேன்டா. என் தம்பின்னு.”

நான் சட்டையைப் பார்த்தேன். காலரில் குத்தியிருந்த ஊசிகளை எண்ணினேன். ஐந்து.

“நீ என்கிட்ட சொல்லியிருந்தா, நான் கையைக் கட்டிக்கிட்டு இருந்திருப்பேன். அது தானா ஓடுதா இல்லையான்னு உனக்கும் தெரிஞ்சிருக்கும், அந்த இன்ஜினியருக்கும் தெரிஞ்சிருக்கும். ரெண்டு பேரையும் நானே ஏமாத்தின மாதிரி பண்ணிட்டியே.” கத்தியைக் கீழே வைத்தாள். “உன் கம்பெனி. உன் இஷ்டம். நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. ஆனா வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அஞ்சு நாப்பதுக்கு நான் எழுந்திருக்க மாட்டேன்.”

மாமா வாசல்வரை வந்தார். வழக்கமாக ஏதாவது ஜோக் சொல்லித்தான் அனுப்புவார். அன்று கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை, வாங்கும் கம்பெனியின் அலுவலகம். நீளமான மேசை, ஒவ்வொருவர் முன்பும் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு பேனா. அவர்களுடைய மேலாளர் அம்மாள் நடுவில், பக்கத்தில் கண்ணாடிக்காரர், என் பக்கத்தில் புதுக் கோட்டில் படக்காரர். கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார்கள்.

“ஒரு விஷயம்” என்றேன். “அந்த அஞ்சு நாப்பது... அது இன்ஜின் இல்ல. எங்க அக்கா.”

சொல்லி முடித்தேன். நான் நினைத்திருந்த வீரம் எதுவும் அதில் இல்லை. குரல் பள்ளிக்கூடத்தில் ஜன்னலை உடைத்தது நான்தான் என்று ஒப்புக்கொள்கிறவன் குரலாக இருந்தது. படக்காரர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குடிக்காமல் மூடினார்.

முதலில் பேசியது கண்ணாடிக்காரர். “எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது சார். ரெண்டு ஞாயித்துக்கிழமையும் அது ஆறே காலுக்குத்தான் ஓடுச்சு. மெஷின் ஏன் ஞாயித்துக்கிழமை லேட்டா எழுந்திருக்கணும்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்.”

“அப்புறம் ஏன் எழுதலை?” என்றார் மேலாளர்.

“இவர் தலையாட்டினாரு மேடம்.”

நான் மேசையைப் பார்த்தேன். என்னைத் திட்டி வெளியே அனுப்புவார்கள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். மேலாளர் பேனாவை மூடி, கொஞ்சம் யோசித்து, சாதாரணமாகக் கேட்டார்:

“பத்துக்கு எட்டு போடுறாங்களா அவங்க? போன்ல கேட்டே? அப்போ எங்களுக்கு அவங்கதான் வேணும். மூணு வருஷ ஒப்பந்தத்துல அவங்களையும் சேர்த்துக்கலாம். இங்க வந்து உட்காரணும். ஒத்துக்குவாங்களா?”

படக்காரருக்கு உயிர் திரும்பியது. “தாராளமா மேடம்! அவங்கதான் முக்கியமான அசெட்டே!”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தப்பித்துவிட்டேன் என்ற நிம்மதி எனக்கு அப்போது உச்சந்தலை வரை ஏறியிருந்தது. உண்மையைச் சொன்னவன் என்ற பெருமை வேறு. அந்தக் குஷியில், எந்த யோசனையும் இல்லாமல், சிரித்துக்கொண்டே சொன்னேன்:

“அதைப் பத்திக் கவலைப்படாதீங்க. எங்க அக்கா நான் சொன்னா மாட்டேன்னு சொல்லவே மாட்டாங்க. அனுப்பி வெச்சுடலாம்.”

கண்ணாடிக்காரர் மட்டும் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதுவரை ஒரு மென்பொருளைத்தான் விற்றுக்கொண்டிருந்தேன். உண்மையைப் பேசிய மூன்றாவது நிமிடத்தில் அக்காவை விற்றுவிட்டேன்.

வெளியே வந்து அவளுக்குப் போன் செய்தேன்.

“சொல்லிட்டேன்க்கா. எல்லாத்தையும் சொல்லிட்டேன்.”

“ம்.”

“உன்னையும் கேக்குறாங்க. மூணு வருஷம் அங்க வரணுமாம்.”

“யார்கிட்ட கேட்டாங்க?”

“என்கிட்டதான்.”

“நீ என்ன சொன்ன?”

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் படக்காரர் மேலாளருக்கு லேப்டாப்பில் எதையோ காட்டிக்கொண்டிருந்தார்.

“அக்காகிட்ட கேட்காம நான் எதுவும் சொல்ல முடியாதுன்னுட்டேன்.”

அவள் குரல் இளகியது. “அப்படியா சொன்னே? சரி, யோசிச்சுச் சொல்றேன்.”

நான்கு நாள் யோசித்தாள். மூன்று வருடம் முடியாது என்றாள். மூன்று மாதம் வருவதாகவும், அவர்கள் ஆட்கள் இரண்டு பேருக்குக் காது கொடுத்துக் கேட்கச் சொல்லித் தருவதாகவும், அதுவும் காலை ஒன்பதிலிருந்து ஐந்துவரை, நாற்காலியில் உட்கார்ந்து, அவளுடைய சொந்தப் பெயரில் என்றும் சொன்னாள். அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். விலை பாதியானது. பங்கும் பாதியானதால் படக்காரர் என் போனை எடுப்பதில்லை.

முதல் நாள் அவளை நான்தான் கொண்டுபோய் விட்டேன். சாம்பல் நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருந்தாள், போட்டிருந்தேன். கண்ணாடிக்காரர் எழுந்து நின்று அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அக்கா உட்காரவில்லை. கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, புது இடத்தில் பேசும் சற்றே உரத்த குரலில் அவரிடம் சொன்னாள்:

“நீங்கதானே அன்னிக்கு ரூம்ல இருந்தது? நான் இந்த வேலைக்கு வந்ததே எதுக்குத் தெரியுமா தம்பி? அவ்வளவு பெரிய மனுஷங்க முன்னாடி, எங்க அக்காகிட்ட கேட்காம சொல்ல மாட்டேன்னு சொன்னான் பாருங்க என் தம்பி, அதுக்குத்தான். ஒரு தப்பு பண்ணான், இல்லேங்கல. ஆனா அங்க விட்டுக் கொடுக்கலையே.”

கண்ணாடிக்காரர் என்னைப் பார்த்தார். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் நிதானமாகத் துடைத்து, மாட்டிக்கொண்டு, “ஆமாம்மா, அப்படித்தான் சொன்னாரு” என்றார்.